ஒரு வாளி நல்ல தண்ணி

சென்னைத் துறைமுகத்தின் குட்டிப் பாய்மரப் படகுகள்... ஜெயிப்பது கடலிலா, கரையிலா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். துறைமுக வாசலில் பாஸைக் காட்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி உள்ளே போய்ச் சேர்ந்தால், படகுகள் வரிசை கட்டி நிற்கிற முற்றத்தில் ஒரு பையன் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கிறான். கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன. கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தத்தை மட்டும் காணோம். கிட்டே போனால்தான் தெரிகிறது, அவன் வாய் வைத்திருப்பது ஒரு படகின் பின்பக்கத்துத் துளையில்.

தண்ணீர் வடிப்பதற்கான துளை அது. தக்கையைக் கழற்றிவிட்டு உள்ளே காற்றை ஊதுகிறான். ஒரு பெண் படகு மேல் குப்புறப் படுத்து, உட்காரும் பள்ளத்தின் முன்சுவரில் இருக்கும் மூச்சுத் துளையை விரலால் அடைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு பையன் கையில் பெயின்ட் பிரஷ், பிளாஸ்டிக் மக்கில் சோப்புத் தண்ணீர். படகின் மேல்தட்டும் அடித்தட்டும் ஒட்டுகிற விளிம்பு முழுக்கத் தடவிக்கொண்டே வருகிறான். பாய்மரம் செருகுகிற குழி அருகே பிரஷ் வந்ததும், சோற்றுப் பானை கொதிக்கிற மாதிரி நாலைந்து சின்னக் குமிழிகள்.

“டேய், வருது வருது! ஊது, நிறுத்தாத!”

சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். பம்ப் வைக்காமல் ஏன் வாயால் ஊத வேண்டும் என்று கேட்டேன். பம்ப் வைத்தால் அழுத்தம் கூடி ஒட்டே பிரிந்துவிடுமாம். பிரஷ் பிடித்திருக்கும் பையனுடையதுதான் அந்தப் படகு. சரி, கன்னம் வலிக்க ஊதுகிறவன் யார்? போன வாரம் வரைக்கும் புள்ளிப் பட்டியலில் இவனுக்கு நேர் மேலே இருக்கிறவன். பிற்பகல் பந்தயத்தில் இவனை முந்த வேண்டியவன்.

எதிராளியின் படகில் ஓட்டை இருந்தால் சந்தோஷப்படாமல், விடியற்காலையில் வந்து அதை ஊதிக் கண்டுபிடித்துக் கொடுக்கிற விளையாட்டு எது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கோடையில் நாலு ஞாயிறு அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே அச்சு

கார் பந்தயத்தில் ஓட்டுகிறவர் பாதி, கார் பாதி. காசு கூடுதலாகப் போட்டால் கார் வேகமாகும். படகுப் பந்தயமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. பணக்காரர் வருடத்துக்கு ஒரு புதுப் படகு கட்டுவார், பழைய படகுக்காரர் பின்னாலேயே வருவார். அயர்லாந்தில் டப்ளின் பக்கம் தாமஸ் மிடில்டன் என்பவருக்கு இது அலுத்துப்போய், எல்லோருக்கும் ஒரே அளவில், ஒரே வடிவில் படகு கட்டுவோம் என்று யோசனை சொன்னார். 1887-ல் ‘வாட்டர் வேக்’ என்ற அந்தப் படகுகள் கடலில் இறங்கின. ‘ஒன் டிசைன்’ என்று இன்று சொல்லப்படும் ஒரே அச்சுப் படகுகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

சென்னையில் இந்த விளையாட்டு துறைமுகத்தோடு சேர்ந்தே வந்தது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அப்போது துறைமுகத்தின் தலைவர். அடுத்த வருடம் அவருடைய அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பெயர், சீனிவாச ராமானுஜன். குமாஸ்தாவின் கணக்கு நோட்டை மதித்து அவர் கேம்பிரிட்ஜ் போக உதவியவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர். இந்த ஊரில் எந்த மூலையைத் தோண்டினாலும் ராமானுஜன் வந்துவிடுகிறார்!

இப்போது இங்கே அதிகம் கண்ணில் படுவது இரண்டு வகை. சின்னப் பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட். மேசை டிராயருக்குப் பாய் கட்டிய மாதிரி இருக்கும். வளர்ந்தவர்களுக்கு லேசர். அதன் இன்றைய பெயர் இல்கா. இந்தப் பெயர் மாற்றமே ஒரு கதை. அந்த வகைப் படகுக்கான சர்வதேசச் சங்கத்துக்கும் ஒரு பெரிய தயாரிப்பாளருக்கும் 2019-ல் முட்டிக்கொண்டது. ‘லேசர்’ என்ற வணிகப் பெயர் தயாரிப்பாளர் பக்கம் இருந்ததால், சங்கம் தன் பெயர்ச் சுருக்கத்தையே படகுக்குப் பெயராக வைத்துக்கொண்டது. துறைமுகத்தில் யாருக்கும் அது நாக்கில் நிற்கவில்லை. பழைய ஆட்களுக்கு இன்னமும் லேசர்தான்.

▣ படகு ஜாதகம்

ஆப்டிமிஸ்ட்: நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது. பதினைந்து வயது நிறைகிற வருடத்தின் டிசம்பர் 31 வரைதான் இதில் போட்டியிடலாம்.

லேசர் (இல்கா): நீளம் 4.2 மீட்டர், வெறும் உடல் மட்டும் 59 கிலோ. 1969-ல் கனடாவில் இயன் புரூஸ் தொலைபேசியில் கேட்க, புரூஸ் கிர்பி பேசிக்கொண்டே தாளில் கிறுக்கியது. ‘மில்லியன் டாலர் கிறுக்கல்’ என்று அதற்குப் பட்டப்பெயர். உலகம் முழுக்க 2 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கின்றன. 1996-லிருந்து ஒலிம்பிக்கில் உண்டு.

ஒரே உடல், மூன்று பாய்: இல்கா 4-க்கு 4.7 சதுர மீட்டர், இல்கா 6-க்கு 5.76, இல்கா 7-க்கு 7.06. பையன் வளர வளரப் பாயும் பாய்மரமும்தான் மாறும், படகு அதேதான். அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற கணக்கு.

உப்புக்கு அச்சு தெரியாது

தொழிற்சாலையை விட்டு வரும்போது எல்லாப் படகும் ஒன்றுதான், சந்தேகமில்லை. விதிகளும் கெடுபிடியானவை. உடலைத் தேய்த்து வடிவத்தையோ எடையையோ மாற்றக் கூடாது. பாயும் பாய்மரமும் அனுமதி பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆனால் சென்னைக் கடலில் ஒரு வருடம் போனால் எந்த இரண்டு படகும் ஒன்றாக இருப்பதில்லை. அவற்றை மறுபடியும் ஒன்றாக்குவதுதான் கரையில் நடக்கிற வேலை. அந்த வேலையைச் செய்யாத இடத்தில் ‘ஒரே அச்சு’ என்பது சான்றிதழில் மட்டும் இருக்கும்.

முதல் எதிரி, காய்ந்த உப்பு. பாய்மரம் அலுமினியம், அதில் அடித்திருக்கிற ரிவெட்டுகளில் சில துருப்பிடிக்காத எஃகு. இரண்டு உலோகத்துக்கு நடுவில் உப்பு ஈரம் உட்கார்ந்தால் அது குட்டி பேட்டரி. அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரைய ஆரம்பிக்கும். வெளியில் பார்த்தால் ரிவெட்டைச் சுற்றி விபூதி வைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் நல்ல காற்றில், முழுப் பாயும் இழுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த விபூதி இடத்தில் மரம் மடங்கும்.

மரம் இரண்டு துண்டு. மேல்துண்டு காற்றில் வளைந்து வளைந்து, ஒரு கட்டத்தில் நேராவதையே மறந்துவிடும். வளைந்த மரத்தில் பாய் உட்காரும் விதமே வேறு. வளைவுக்கு எதிர்ப்பக்கம் மெல்ல அழுத்தி நிமிர்த்துவார்கள். இருவர் பிடிக்க, ஒருவர் கண்ணை இடுக்கிக்கொண்டு நுனியிலிருந்து ஆசாரி மாதிரி குறி பார்ப்பார். “இன்னும் ஒரு நூல்... போதும் போதும்!” போதும் என்பதற்குள் இன்னொரு பக்கம் வளைந்துவிட்டதும் உண்டு. கார்பன் இழையில் செய்த மேல்துண்டு வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. அதை வாங்கியவருக்கு மட்டும்!

அடுத்து மணல். பாய்மரம் குழிக்குள் சுழல வேண்டும். கடற்கரையில் ஒரு முறை கவனமில்லாமல் கீழே வைத்துச் செருகினால் ஒரு பிடி மணல் குழிக்குள் போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு திருப்பமும் அம்மி அரைப்பதுதான். கண்ணாடி இழையால் ஆன குழி தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் ஊசித் துளை விழும். காலையில் குமிழி வந்ததே, அது இந்தக் கதைதான்.

அந்தத் துளையால் படகு மூழ்கிவிடாது. உள்ளே மிதவை இருக்கிறது. விஷயம் எடையில். ஒரு பந்தயத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் உள்ளே போனாலும், படகு எழும்ப வேண்டிய அலையில் எழும்பாது. உள்ளே இருக்கும் நுரைப் பலகை ஊறிவிட்டால் வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் பழைய எடைக்கு வராது. 59 கிலோ படகு நாலைந்து கிலோ சதை போட்டுவிடும். ஓட்டுகிறவன் தன் திறமை குறைந்துவிட்டதென்று நினைத்து, இன்னும் நாலு மணி நேரம் பயிற்சி செய்வான். பாவம், கோளாறு காலுக்கு அடியில்.

எனக்கே நடந்தது. இரண்டாவது ஞாயிறு, ஆசைக்கு ஒரு பழைய படகைக் கொடுத்தார்கள். கரையோரம் அரை மணி நேரம் ஓட்டினேன். போகப் போகப் படகு எருமை மாதிரி அசைந்தது. காற்று விழுந்துவிட்டது போலும் என்று சுற்றும் முற்றும் பார்த்தால், பத்து வயதுப் பிள்ளைகள் என்னைக் கடந்து பறந்துகொண்டிருந்தார்கள். கரைக்கு இழுத்து வந்து தூக்கியபோது பின்பக்கத் துளையிலிருந்து குழாய் திறந்த மாதிரி கொட்டியது. தக்கை என் பேன்ட் பாக்கெட்டில்.

கடைசியாக, பாய். பாலியெஸ்டர் துணி. தொட்டால் புதுக் காகிதம் மாதிரி மொடமொடக்கும். அந்த மொடமொடப்புதான் வேகம். வெயிலை விடவும் அதைக் கெடுப்பது படபடப்பு. காற்றில் சும்மா அடித்துக்கொள்ள விட்டால் நெசவு தளர்ந்து, பழைய பனியன் மாதிரி தொங்கிவிடும். எனவே கரைக்கு வந்ததும் முதல் வேலை பாயை இறக்குவது. மடிக்கக் கூடாது, பாய் சுருட்டுவது போல உருட்ட வேண்டும். படுக்கிற பாய்க்கும் இந்தப் பாய்க்கும் தமிழில் ஏன் ஒரே சொல் என்று அந்த முற்றத்தில்தான் எனக்கு உறைத்தது.

சொல் என்றதும் இன்னொன்று. பாயை ஏற்றுகிற கயிற்றுக்கு ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டுகிற கயிற்றுக்குத் தாமான், பாயைத் தாங்குகிற குறுக்குக் கட்டைக்குப் பருமல் என்று நம் அகராதிகளில் இருக்கின்றன. நம் கடலோடிகள் புழங்கிய சொற்கள். கிளப்பில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஷீட், பூம், டில்லர்தான்.

இத்தனை நோய்க்கும் இங்கே இருக்கிற ஒரே தினசரி மருந்து, நல்ல தண்ணீர். ஒரு வாளி உடலுக்கு, ஒரு வாளி மரத்துக்கும் கப்பிகளுக்கும், அரை வாளி பாய்க்கு. கோடையில் சென்னையில் படகு கழுவ நல்ல தண்ணீரா என்று உங்களுக்குத் தோன்றினால் நியாயம்தான். அதனால்தான் ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டு யாரும் நிற்பதில்லை, வாளிக் கணக்கு.

ஐந்து நிமிடம்

பன்னிரண்டு மணி தாண்டியது. காலையிலிருந்து கரையிலிருந்து கடலுக்கு முனகிக்கொண்டிருந்த காற்று அடங்கி, தண்ணீர் கொஞ்ச நேரம் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. பிறகு கிழக்கே தொலைவில் ஒரு கரும்பட்டை. கடற்காற்று! சென்னைக்காரர்கள் மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற அதே காற்று. பதினொரு படகுகள் டிராலியில் உருண்டு போய்த் தண்ணீரில் இறங்கின.

ஓட்டைப் படகுக்காரன் தன் படகில் போகவில்லை. குழி ஒழுகுகிறதா, குழியைச் சுற்றிய ஒட்டு ஒழுகுகிறதா என்று உறுதி செய்ய, குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தான். சாயங்காலம் பார்த்தால் தெரியும். பந்தயத்துக்குக் கிளப்பின் பழைய படகு கிடைத்தது. அதன் பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முகம் சொன்னது.

▣ கொடி சொல்லும் நேரம்

5 நிமிடம் முன்பு: வகைக் கொடி ஏறும், ஒரு ஹார்ன்.
4 நிமிடம் முன்பு: நீலத்தில் வெள்ளைச் சதுரம் கொண்ட ஆயத்தக் கொடி ஏறும், ஒரு ஹார்ன்.
1 நிமிடம் முன்பு: ஆயத்தக் கொடி இறங்கும், ஒரு நீண்ட ஹார்ன்.
0: வகைக் கொடி இறங்கும். புறப்பாடு!
முதல் இடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2... கடைசியில் புள்ளி குறைந்தவரே வெற்றியாளர்.

படகை நிறுத்தி வைத்து விசில் ஊதித் தொடங்க முடியாது, கடலில் பிரேக் கிடையாது. நங்கூரமிட்ட படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே கற்பனைக் கோடு. ஐந்து நிமிடமும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் பதினொரு படகும் கோயில் வாசலில் நடை திறக்கக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி இடித்துக்கொள்ளாமல் இடித்துக்கொண்டு நிற்கின்றன. முன்கூட்டியே கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு விநாடி பிந்தினால் முன்னால் போகிறவன் பாய் கலக்கிவிட்ட காற்றுதான் கிடைக்கும். அந்தச் சக்கைக் காற்றை வாங்கிக்கொண்டு யாரும் ஜெயித்ததில்லை.

காற்று வருகிற திசைக்கே நேராகப் போக முடியாது, மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்பதுதான் மூளைக்கு வேலை. கோடையில் இங்கே கடற்காற்று கிழக்கிலிருந்து தொடங்கி, பொழுது ஏற ஏறத் தெற்கே திரும்பும். அதை நம்பி வலப்பக்கம் போனவர்கள், காற்று வரும் பக்கத்தில் இருக்கிற மேல் மிதவையை முதலில் சுற்றினார்கள். காலையில் ஊதிய பையன் அவர்களில் ஒருவன். கிளப் படகுக்காரனும் வலப்பக்கம்தான் போனான். கணக்கு சரி, படகுதான் ஏறவில்லை. முடிவில் ஏழாவது.

நான் வாய் பிளந்தது வேறு இடத்தில். இரண்டாவது மிதவைக்கு முன்னால் இரண்டு படகுகள் எதிரெதிராக வந்தன. வலப்பக்கம் காற்று வாங்குகிற படகுக்கு, இடப்பக்கம் வாங்குகிற படகு வழிவிட வேண்டும். “ஸ்டார்போர்டு!” என்று கத்தல். வழிவிட வேண்டிய பெண் கடைசி நொடியில் திருப்பினாள், ஆனால் அவள் பாயின் நுனி மற்ற படகின் கயிற்றை உரசிவிட்டது. நடுவர் படகு அரைக் கிலோமீட்டர் தள்ளி. யாரும் பார்க்கவில்லை. அவள் கூட்டத்தை விட்டு விலகி, படகை ஒரு முழு வட்டம், இன்னொரு முழு வட்டம் சுற்றினாள். தவறு செய்தவர் தானே வாங்கிக்கொள்ள வேண்டிய தண்டனை அது. அந்த இரண்டு சுற்றில் நாலு படகு அவளைக் கடந்து போயின. சுற்றாமல் போயிருந்தால் எதிராளி “புரொடெஸ்ட்!” என்று குரல் கொடுத்து, கரையில் விசாரணை நடந்திருக்கும். ஆனால் இதையும் யோசி: நாளைக்குக் காலையில் உன் படகில் ஓட்டை விழுந்தால் ஊத வேண்டியவனும் அவன்தானே!

பதினைந்து வயதுப் பள்ளம்

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருவோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய் விரித்தவர்கள் நாலு பேர். நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி.கணபதி ஆகிய மூவரும் சென்னை, விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர். நாலு பேருமே நம் மாநிலத்துப் பிள்ளைகள். அப்படியானால் சென்னைத் துறைமுகத்தில் நூறு படகு நிற்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

▣ நம் பாய்கள்

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு: வருண் தக்கர், கே.சி.கணபதி (49இஆர் வகைப் படகு) வெண்கலம்.
2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்: வருண்-கணபதி 17-வது, விஷ்ணு சரவணன் 20-வது, நேத்ரா குமணன் 35-வது இடம். பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா.
2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டு: விஷ்ணு (இல்கா 7) வெண்கலம்.
2024 பாரிஸ் ஒலிம்பிக்: விஷ்ணு 18-வது, நேத்ரா 21-வது இடம்.

நேத்ரா பயிற்சிக்காகத் தங்கியது எங்கே? ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில். அங்கே நம்மிடம் இல்லாத காற்று ஒன்றும் வீசவில்லை. குளிர்காலமானால் ஐரோப்பியப் படகுக்காரர்கள் பயிற்சிக்கு அங்கே வந்து குவிகிறார்கள், அதுதான் காரணம். ஒரே அச்சுப் படகில் தனியாக ஓட்டி ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. நீ வேகமாகப் போகிறாயா என்பதைப் பக்கத்துப் படகுதான் சொல்ல வேண்டும். பாயை அரை அங்குலம் தளர்த்தினால் நல்லதா கெட்டதா? பக்கத்தில் அதே படகு, அதே காற்றில் போனால்தான் விடை. அந்தப் பக்கத்துப் படகுகளின் கூட்டத்துக்குத்தான் ‘ஃப்ளீட்’ என்று பெயர். சாம்பியனை வெளிநாட்டில் வைத்து உருவாக்கப் பணம் தேடுகிறோம், பக்கத்துப் படகை உள்ளூரில் உருவாக்க யாரும் தேடுவதில்லை.

ஏன் உள்ளூரில் கூட்டம் சேர மாட்டேன் என்கிறது? கோடை முகாமுக்கு வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆப்டிமிஸ்டில் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதன் வயது வரம்பு பதினைந்து. தமிழ்நாட்டில் பதினைந்து வயது என்றால் என்ன? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு! சின்னப் படகிலிருந்து இறங்கிப் பெரிய படகில் ஏற வேண்டிய அதே வருடம், அப்பாவும் அம்மாவும் டியூஷன் சேர்த்துவிடுகிறார்கள். “எக்ஸாம் முடியட்டும்.” அது முடிந்தால் பதினொன்று, பன்னிரண்டு, நீட், ஜே.இ.இ. திரும்பி வரும்போது பையன் கல்லூரி முடித்திருப்பான், வேறு ஊரில் வேலையில் இருப்பான். வயது வரம்பு வைத்தவர்களுக்கு நம் பொதுத்தேர்வு பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படி விட்டுப்போன படகுகள் முற்றத்தின் பின்வரிசையில் நிற்கின்றன. உறைக்கு மேல் மழைத் தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, மாநகராட்சிக்காரர்கள் பார்த்தால் கொசுவுக்கு நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். டயர் காற்று போன டிராலி ஒரு பக்கம் சாய்ந்ததில், படகின் வயிறு சப்பையாகிவிட்டது. விளிம்பைத் தாங்குகிற மாதிரி வைக்க வேண்டிய படகை வயிறு அழுந்த வைத்தால் சில மாதத்தில் இப்படித்தான் குழியும். ஓட்டுகிற படகை விட நிறுத்தி வைத்த படகு சீக்கிரம் சாகிறது. ஒவ்வொரு படகும் சாகச் சாக, மிச்சப் படகுகளுக்குப் பந்தயமும் கொஞ்சம் சாகிறது. பதினொன்று ஏழானால் இன்னும் பந்தயம் உண்டு. மூன்றானால் அது ஊர்வலம்.

கடல் இல்லாத ஊரின் வெள்ளி

ஹாங்சோவில் இல்கா 4 பெண்கள் பிரிவில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர் எந்த ஊர்? மத்தியப் பிரதேசம், தேவாஸ் மாவட்டம். விவசாயி மகள். பயிற்சி, போபாலின் தேசியப் பாய்மரப் பள்ளியில், ஏரியில்! கடலைப் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டிய ஊர். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை வைத்திருக்கிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது. அங்கே படகும் பயிற்சியும் பள்ளியின் பொறுப்பு. குழந்தையின் அப்பா பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. தவிர, ஏரியில் ஓட்டுகிற படகை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டாம். நல்ல தண்ணீரிலேயேதான் ஓடுகிறது! ஹைதராபாத்திலும் உசேன் சாகர் ஏரியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் படகேற்றுகிறார்கள். விஷ்ணுவை வளர்த்தது ராணுவத்தின் மும்பைப் பயிற்சி மையம். எங்கெல்லாம் படகு யாரோ ஒரு தனி ஆளின் சொத்தாக இல்லாமல் ஒரு கூட்டத்தின் சொத்தாக இருக்கிறதோ, அங்கெல்லாம் பராமரிப்பும் நிற்கிறது, பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

சென்னையில் இது இன்னமும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாகவே பெரிதும் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? படகு வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வர வேண்டும், பாயும் அப்படியே. வாங்கிவிடலாம், வருடா வருடம் வைத்துக் காப்பாற்றுவதுதான் செலவு. துறைமுகச் சுவருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் காசிமேடு. காற்றை மூக்கால் படிக்கிற பிள்ளைகள் பிறக்கிற இடம். அவர்களில் எத்தனை பேர் இந்த முற்றத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு கைக்கு மேல் தேவைப்படவில்லை.

தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டி பக்கத்துக் கடலோர ஊர்களில், திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்கள். கரையில் ஊரே நிற்கும். ஒரு படகுக்கு இத்தனை பேர் என்று முன்கூட்டியே வகுத்துவிடுவார்கள். குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து எடை கொடுக்க, படகு சாய்ந்து பறக்கும். லேசர்காரன் பாதத்தைப் பட்டையில் மாட்டி உடம்பை வெளியே சாய்க்கிறானே, அதே இயற்பியல். அந்தக் கரைக்கும் இந்த முற்றத்துக்கும் நடுவில் ஒரு பஸ் விட ஆள் இல்லை.

ஆறு மணி

படகுகள் திரும்பிவிட்டன. டிராலிகள் சரிவில் ஏறின. பாய்கள் இறங்கி உருண்டன. அன்றைக்கு ஓஸ் பைப்பிலும் தண்ணீர் வரவில்லை. தொட்டியிலிருந்து மொண்டு கைமாற்றி வாளிகள் வந்தன. ஜெயித்தவன் தோற்றவன் எல்லாம் ஒரே வரிசையில். இரண்டு வட்டம் சுற்றிய பெண்ணுக்கும் அவள் உரசிய கயிற்றுக்குச் சொந்தக்காரப் பையனுக்கும் நடுவே ஒரு வாளி போய் வந்துகொண்டிருந்தது. பெரிய பேச்சு இல்லை. வலப்பக்கக் காற்று எங்கே திரும்பியது என்று மட்டும் யாரோ தரையில் ஈரக் கையால் படம் போட்டுக் காட்டினார்கள்.

ஏழாவதாக வந்தவன் கிளப் படகைக் கழுவித் துடைத்து, தக்கையைக் கழற்றிக் கயிற்றில் கட்டினான். பிறகு தன் படகுக்குப் போனான். குழிக்குள் செல்போன் வெளிச்சம் அடித்துக் குனிந்தான். காலையில் ஊதியவனும் தோள் மேல் கை போட்டு எட்டிப் பார்த்தான். பேனாக் கோட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே நின்றது தண்ணீர்.

“குழிதாண்டா. எப்பாக்ஸி என்கிட்ட இருக்கு,” என்றான் ஊதியவன். “ஆனா முழுசாக் காயணும். அடுத்த ஞாயிறும் உனக்கு அந்த எருமைதான்.”